விண்ட்சர் கோட்டையோடு நின்றுவிடாதீர்கள்: பிரிட்டன் தமிழ்ப் பள்ளி, தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போது நம் தமிழ்ப் பள்ளிகளிலும் சங்கங்களிலும் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். கோச் வண்டி பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி, புளியோதரையும் தண்ணீர் பாட்டில்களும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். போகும் இடம் பெரும்பாலும் விண்ட்சர் கோட்டை, லண்டன் டவர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்ஃபோர்ட். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் தமிழ்ப் பள்ளியில் பத்தாண்டு படித்து முடிக்கும் ஒரு பிள்ளை இந்த நாட்டில் பார்த்த பழைய கட்டடங்கள் என்றால் ராஜா ராணி வாழ்ந்த இடங்கள் மட்டுமே என்று ஆகிவிடுகிறது. தன் ஊரில், தன் தெருமுனையில் நிற்கும் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. சொல்லிக் கொடுக்க யாரும் முயல்வதும் இல்லை.

நான் கேட்பது இதுதான். ஆண்டுக்கு ஒரு பயணமாவது சுற்றுலாக் கையேட்டின் முதல் பக்கத்தில் வராத ஒரு கட்டடத்துக்கு இருக்கட்டும். அது பழைய நெசவாலையாக இருக்கலாம், கழிவுநீர் இறைத்த நிலையமாக இருக்கலாம். தொழிலாளர் குடியிருந்த முற்றம், வயல் நடுவே தனியாக நிற்கும் சின்னத் தேவாலயம், பிங்கோ கூடமாகிவிட்ட சினிமா கொட்டகை, எதுவானாலும் சரி. அரண்மனைகளுக்குக் கூட்டமும் பணமும் எப்போதும் உண்டு. இந்தக் கட்டடங்கள் நிலைக்குமா விழுமா என்பதோ, அவற்றைத் தேடிக்கொண்டு மனிதர்கள் வருகிறார்களா என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

இங்கிலாந்தில் பழைய கட்டடங்களுக்கான சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறக்குறைய 4 லட்சம் பதிவுகள் உள்ளன. மூன்று தரம்: கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2. மிக உயர்ந்ததான கிரேடு 1, மொத்தத்தில் சுமார் 2.5 விழுக்காடுதான். அழிவின் விளிம்பில் இருப்பவற்றை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு ஆண்டுதோறும் தனியாகப் பட்டியலிடுகிறது. அதில் அண்மை ஆண்டுகளில் 4,800க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. இந்த இரண்டாவது பட்டியலை ஒரு முறை திறந்து, உங்கள் ஊரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். நீங்கள் தினமும் கடந்து போகும் ஏதோ ஒரு கட்டடம் அதில் இருக்க வாய்ப்புண்டு.

டூட்டிங்கிலிருந்து தொடங்குகிறேன். லண்டன் தமிழர்களில் அந்த ஊருக்குப் போகாதவர் குறைவு. இட்லி தோசைக்கும் மளிகைக்கும் நகைக்கும் வாரம் தவறாமல் போகிறோம். அங்கே மிட்சம் ரோட்டில், நான்கு உயரமான தூண்களோடு வெள்ளை முகப்பு கொண்ட ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. 1931 செப்டம்பரில் கிரனாடா என்ற பெயரில் திறக்கப்பட்ட திரையரங்கம் அது. கட்டடத்தை வடிவமைத்தவர் செசில் மேசி. உள் அலங்காரம் தியோடர் கொமிசார்ஜெவ்ஸ்கி என்ற ரஷ்ய நாடக இயக்குநருடையது. உள்ளே கால் வைத்தால் பழங்காலப் பிரபுவின் மாளிகை போன்ற முன்கூடம் வரும். அப்புறம் கண்ணாடிகள் பதித்த நீண்ட நடை. அதைத் தாண்டினால் கோதிக் தேவாலயத்தின் கூரான வளைவுகளோடு 3,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம். தென் லண்டன் தொழிலாளிக் குடும்பங்கள் சில பென்ஸ் கொடுத்து ஒரு மாலைப் பொழுது அரண்மனையில் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். பீட்டில்ஸ் குழு 1963இல் இங்கே பாடியது. 1973இல் திரையரங்கம் மூடியது. 1976 முதல் பிங்கோ. 2000இல் கிரேடு 1 தகுதி கிடைத்தது. திரையரங்கம் ஒன்றுக்கு இந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு இருக்கும் அதே கிரேடு 1 தகுதிதான் இதற்கும். நாம் அதன் எதிரே வண்டியை நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போகிறோம். பிங்கோ ஆட்டத்துக்குச் சிறுவர்களை அனுமதிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அதனால் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களை விசாரித்து, முன்கூட்டியே குழுவாக அனுமதி கேட்டு அழைத்துப் போக வேண்டும்.

மேற்கு லண்டனில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக ஆல்பர்டன், கிரீன்ஃபோர்ட், பெரிவேல் பக்கம் இருப்பவர்களுக்கு, ஹூவர் கட்டடம் தெரிந்திருக்கும். வெஸ்டர்ன் அவென்யூவில் போகும்போது பளீரென்ற வெள்ளையில், பச்சை சிவப்பு நீலக் கோடுகளோடு தெரியுமே, அதுதான். தூசி உறிஞ்சும் இயந்திரம் செய்வதற்காக 1930களின் தொடக்கத்தில் எழுப்பிய தொழிற்சாலை. வாலிஸ், கில்பர்ட் அண்ட் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் வடிவமைத்தது. 1992 முதல் அதன் பின்பக்கம் ஒரு சூப்பர்மார்க்கெட். முகப்புக் கட்டடத்தில் இப்போது குடியிருப்புகள்.

அதே வடிவமைப்பாளர்கள் பிரென்ட்ஃபோர்டின் கிரேட் வெஸ்ட் ரோட்டில் 1928இல் ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலையையும் கட்டினார்கள். ஹூவருக்குச் சமமான அழகு அது. 1980 ஆகஸ்டில் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்த மாத வங்கி விடுமுறை வார இறுதியில், அலுவலகங்கள் எல்லாம் மூடியிருந்த நேரத்தில், இடிப்பு இயந்திரங்கள் வந்து முகப்பைத் தகர்த்துவிட்டன. செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வேலைக்குத் திரும்பியபோது காப்பாற்ற எதுவும் இல்லை. இன்று மிஞ்சியிருப்பது முன்வாசல் கதவும் கம்பிவேலியும் மட்டுமே. இரண்டு போருக்கு இடைப்பட்ட காலத்துக் கட்டடங்களை இந்த நாடு கவனித்துப் பார்க்கத் தொடங்கியது அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான். ஹூவர் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் அன்றே, சில மைல் தள்ளி அந்த வெறும் கதவையும் காட்டுங்கள். பாதுகாப்பு என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அது ஷ்ரூஸ்பரி. வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், செவர்ன் ஆறு வளைந்து ஓடும் சின்ன ஊர். பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஊருக்கு வடக்கே டிதரிங்டன் என்ற பகுதியில் ஐந்து மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண பழைய ஆலை. 1797இல் கட்டி முடிக்கப்பட்டது. உலகிலேயே முழுக்க இரும்புச் சட்டகத்தின்மேல் எழுந்த முதல் கட்டடம் இதுதான். வானுயர்ந்த கட்டடங்களின் தாத்தா என்று பொறியாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

ஏன் இரும்பு? அந்தக் காலத்து நூற்பாலைகளில் தரையும் உத்தரமும் மரம். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. ஒரு பொறி பட்டால் போதும், ஆலை முழுதும் எரிந்து போகும். லீட்ஸ் நகரில் ஆளிச்செடி நாரிலிருந்து லினன் நூல் நூற்ற ஜான் மார்ஷல் என்ற முதலாளியின் ஆலையும் 1796இல் தீப்பிடித்தது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஷ்ரூஸ்பரியில் எரியாத ஆலை ஒன்றைக் கட்ட முடிவு செய்தார்கள். வடிவமைத்தவர் கூட்டாளிகளில் ஒருவரான சார்ல்ஸ் பேஜ். அவர் கட்டடக் கலைஞர் அல்லர். ஒயின் வியாபாரி, நில அளவையும் தெரிந்தவர். வார்ப்பிரும்புத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, தூணின் நடுப்பகுதி சற்றுப் பருத்து, மேலும் கீழும் மெலிந்திருக்குமாறு வார்த்தார். தூணின் மேல் இரும்பு உத்தரம், உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு, அதன்மேல் அடுத்த தளம். எங்கும் மரம் இல்லை.

கனரி வார்ஃபில் கண்ணாடிக் கோபுரங்களில் வேலை பார்க்கும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கோபுரத்தின் பாரத்தைச் சுமப்பது சுவர் இல்லை, உள்ளே இருக்கும் எலும்புக்கூடு. அந்த எண்ணம் ஒரு முழுக் கட்டடமாக முதன்முதலில் நின்றது இந்தச் சின்ன ஊரில். உங்கள் பள்ளியில் பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளை ஒருத்தி இருந்தால், அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்கட்டும்.

ஆலை 1886இல் மூடியது. அதன் பிறகு பார்லியை முளைக்க வைத்து மால்ட் செய்யும் இடமாக மாற்றினார்கள். அதற்கு வெளிச்சம் ஆகாது என்று பல சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1987இல் அதுவும் நின்றது. பிறகு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, கூரை ஒழுகி, இடிந்துவிடும் என்ற நிலை வந்தது. 2005இல் அரசுப் பாரம்பரிய அமைப்பு அதை வாங்கியது. நிதி திரட்டி, தூண்களை வலுப்படுத்தி, அடைத்த சன்னல்களைத் திறந்து, 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வாங்கிய நாளிலிருந்து திறந்த நாள் வரை பதினேழு ஆண்டு. உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடத்துக்கே இவ்வளவு போராட்டம் என்றால், புகழ் இல்லாத மற்ற ஆலைகளின் கதியை யோசித்துப் பாருங்கள்.

அந்த மார்ஷல் பிற்காலத்தில் லீட்ஸில் கட்டிய டெம்பிள் ஒர்க்ஸ் ஆலை இன்னும் காத்துக் கிடக்கிறது. 1836இல் தொடங்கி 1840இல் முடிந்த கட்டடம். எகிப்தியக் கோவில் போன்ற முகப்பு. உள்ளே ஏறக்குறைய இரண்டு ஏக்கருக்கு ஒரே கூடம், மேலே கூம்பு வடிவக் கண்ணாடிச் சன்னல்கள். நூல் அறுந்து போகாமலிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும் என்று கூரையில் மண் பரப்பிப் புல் வளர்த்தார்கள். புல்லை மேய ஆடுகளைக் கூரைக்கு ஏற்றினார்கள். 2008இல் முகப்புத் தூண் ஒன்று சரிந்து விழுந்தது. அதற்கும் கிரேடு 1 தகுதி உண்டு. தகுதி மட்டும் ஒரு தூணைத் தாங்கிப் பிடிக்காது. லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகள் வெளியில் நின்று பார்க்கவாவது பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கூரையில் ஆடு மேய்ந்த கதையை எந்தக் குழந்தையும் மறக்காது.

ஆலை என்று பேச்சு வந்தால் பர்ன்லியை விட முடியாது. அந்த ஊருக்கு வெளியே ஹார்ல் சைக் என்ற இடத்தில் குவீன் ஸ்ட்ரீட் மில் இருக்கிறது. 1890களின் நடுவில் தொடங்கியது. நீராவியால் ஓடும் நெசவாலைகளில் உலகில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 500 குதிரைத்திறன் கொண்ட என்ஜின், அதன் பெயர் பீஸ். அது சுற்றினால் கூரையடியில் நீளமான உருளைகள் சுற்றும். உருளையிலிருந்து தோல்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு தறியையும் ஓட்டும். ஏறக்குறைய 300 தறிகள் ஒரே கூடத்தில். எல்லாம் சேர்ந்து ஓடியபோது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் உதட்டை மிகையாக அசைத்து, சத்தமில்லாமல் பேசிக்கொள்ளப் பழகினார்கள். பர்ன்லி இருக்கும் லங்காஷயர் மாவட்டம் முழுதும் அப்படி ஒரு பேச்சு இருந்தது. காஞ்சிபுரமோ ஆரணியோ சொந்த ஊராக உள்ள பெற்றோர் யாராவது உடன் வந்தால், பாவு, ஊடை, நாடா, அச்சு என்று ஒவ்வொன்றையும் தமிழிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். வகுப்பறையில் கிடைக்காத தமிழ்ப் பாடம் அது.

உற்பத்தி 1982இல் நின்று, ஆலை அருங்காட்சியகமாக ஆனது. செலவைக் குறைக்க வேண்டும் என்று 2016இல் அதையும் மூடினார்கள். பிறகு குறைந்த நாட்களுக்குத் திறக்கத் தொடங்கினார்கள். வருகையாளர் எண்ணிக்கையைக் காட்டித்தான் இத்தகைய இடங்களுக்கு நிதி கேட்க முடியும். கோச் வண்டியில் 50 பேர் போனால் அந்தக் கணக்கில் 50 பேர் கூடும்.

ஒன்றை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் சென்னையில் இடம் வாங்கியது துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் தோய்த்து, பூ எழுதிய பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் அவ்வளவு மோகம். இங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1700இல் ஒரு சட்டம் வந்து அச்சிட்ட இந்தியத் துணியை இறக்குமதி செய்யத் தடை போட்டது. 1721இல் இன்னொரு சட்டம் வந்து, அச்சிட்ட பருத்தித் துணியில் பெரும்பாலானவற்றை உடுத்தவே கூடாது என்றது. அந்தப் பாதுகாப்புக்குள் வளர்ந்ததுதான் லங்காஷயர் பருத்தித் தொழில். பிறகு அதே லங்காஷயரின் ஆலைத் துணி நம் ஊர்ச் சந்தையில் வந்து குவிந்து, நம் கைத்தறியை நசுக்கியது. அந்த ஆலைகளுக்குப் பஞ்சு நெடுங்காலம் அமெரிக்காவின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது. ஷ்ரூஸ்பரி ஆலையிலும் சிறுவர் சிறுமியர் வேலை பார்த்தார்கள், அவர்களைத் தங்கவைக்கத் தனி விடுதியே கட்டினார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஆலையை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். இவ்வளவையும் சொல்வதற்கு ஒரு இடம் வேண்டும் என்பதாலேயே காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விண்ட்சரில் நின்றுகொண்டு இந்தக் கதையைச் சொல்ல வழியில்லை. ஆலையின் தரையில் நின்று, தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னால், நெசவாளர் வீட்டுப் பேரப்பிள்ளைக்குத் தன் கதையும் பர்ன்லியில் காது கேளாமல் போன நெசவுக்காரப் பெண்ணின் கதையும் ஒரே நூலில் வருவது புரியும்.

லண்டன் பள்ளிகளுக்கு அவ்வளவு தூரம் போக முடியாது என்றால், தென்கிழக்கே அபே வுட் பக்கத்தில் கிராஸ்னெஸ் என்ற பழைய கழிவுநீர் இறைப்பு நிலையம் இருக்கிறது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நகரத்தின் மலமெல்லாம் ஆற்றுக்குப் போய், அந்த ஆற்றுத் தண்ணீரையே மக்கள் குடித்துக் காலராவில் செத்துக்கொண்டிருந்த காலம். நாற்றம் தங்கள் மூக்குக்கு வந்த பிறகுதான் உறுப்பினர்கள் பணம் ஒதுக்கினார்கள். ஜோசஃப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்தின் அடியில் பெரிய கழிவுநீர்ச் சுரங்கங்களை அமைத்தார். தென் லண்டனின் கழிவையெல்லாம் மேலே இறைத்து, ஆறு வடியும் நேரம் பார்த்துக் கடல் பக்கம் திறந்துவிட 1865இல் கிராஸ்னெஸ் நிலையம் தொடங்கியது. பெரிய காலரா கடைசியாக லண்டனைத் தாக்கியது 1866இல். அப்போது பாதிக்கப்பட்டது இந்தச் சுரங்கத் திட்டம் இன்னும் முடியாத கிழக்குப் பகுதி.

அங்கே நான்கு மாபெரும் பீம் என்ஜின்கள் (பெரிய இரும்பு உத்தரம் மேலும் கீழும் ஆடி இயங்கும் நீராவி என்ஜின்கள்), அரச குடும்பத்தினரின் பெயர்களோடு. ஒவ்வொன்றின் சுழல்சக்கரம் மட்டும் 52 டன். அதைச் சுற்றி சார்ல்ஸ் ஹென்றி டிரைவர் செய்த இரும்பு வேலைப்பாடு: இலையும் பூவும் காயும் வார்த்து, சிவப்பும் பச்சையுமாக வண்ணம் தீட்டிய தூண்களும் கிராதிகளும். கழிவு இறைக்கும் இடத்துக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். ஒரு நகரம் தன் மக்களின் உயிரைக் காக்கும் வேலையை எவ்வளவு மதித்தது என்று அப்போது பேசலாம். 1950களில் என்ஜின்களைக் கைவிட்டார்கள். உடைத்து எடுக்கும் செலவு பழைய இரும்பின் விலையைவிட அதிகம் என்பதால் அப்படியே விட்டுப் போனார்கள். முப்பது ஆண்டு துருப்பிடித்துக் கிடந்த பிறகு, 1980களில் தன்னார்வலர்கள் வந்து துருவைச் சுரண்டத் தொடங்கினார்கள். 2003இல் பிரின்ஸ் கன்சார்ட் என்ற என்ஜின் மறுபடி நீராவியில் ஓடியது. ஓய்வு பெற்ற மனிதர்கள் சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய்க் கையோடு செய்த வேலை அது.

இந்தத் தன்னார்வலர்களைப் பிள்ளைகள் சந்திக்க வேண்டும் என்பதற்காகவே நான் கிராஸ்னெஸைச் சிபாரிசு செய்கிறேன். கேள்வி கேட்கும் ஒரு பத்து வயதுக் குழந்தையைப் பார்த்தால் அவர்கள் முகம் எப்படி மலர்கிறது என்று நீங்களே பாருங்கள். அவர்களுக்கு அடுத்து அந்த என்ஜினை யார் ஓட்டுவார்கள் என்பது அவர்களுடைய நிஜமான கவலை.

பர்மிங்ஹாம் பள்ளிகளுக்கு ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட் முனையில் இருக்கும் பேக் டு பேக்ஸ். ஒரு வீட்டின் பின்சுவரே அடுத்த வீட்டுக்கும் பின்சுவர். மாடிக்கு ஓர் அறை, மூன்று மாடி, பொது முற்றத்தில் எல்லோருக்கும் சேர்த்துக் கழிப்பறை. 1918இல்கூட இத்தகைய வீடுகள் அந்த நகரத்தில் 40,000க்கும் மேல் இருந்தன. எல்லாம் போய், முற்றத்தோடு மிஞ்சியது இந்த ஒரு தொகுதி. பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2004இல் அதைத் திறந்தது. அங்கே கடைசியாகத் தொழில் செய்தவர் செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து வந்த ஒரு தையற்காரர். அவருடைய கடையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு சிறு குழுவாக மட்டுமே போக முடியும், மாடிப்படி செங்குத்தாக இருக்கும், அதனால் முன்பதிவும் கவனமும் வேண்டும்.

தேவாலயங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மக்கள் ஊரைவிட்டுப் போனதாலோ வழிபாடு நின்றதாலோ தனித்துவிட்ட 350க்கும் மேற்பட்ட தேவாலயங்களைச் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. ஆதரவற்ற தேவாலயங்களின் நண்பர்கள் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட இன்னோர் அமைப்பு 1957 முதல் இதே பணியைச் செய்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. கதவைத் தள்ளினால் திறக்கும், இல்லையென்றால் சாவி எங்கே கிடைக்கும் என்று வாசலில் எழுதியிருக்கும். வில்ட்ஷயரில் இங்கிள்ஷம் என்ற குக்கிராமத்துத் தேவாலயத்தைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதுசாக்கிக்கொண்டிருந்தபோது, வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் முன்னின்று இதில் கை வைக்காமல் பழுது மட்டும் பார்க்கச் செய்தார். அதனால் பல நூற்றாண்டுச் சுவரோவியங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அங்கே இன்னும் தெரிகின்றன, பெட்டி போன்ற மர இருக்கைகளும் கோணலாக அப்படியே நிற்கின்றன. நம் ஊர்ப் பழைய கோவில் சுவரில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு மழுங்கிப்போவதைப் பார்த்து வருந்தியவர்களுக்கு இங்கிள்ஷமின் அருமை உடனே தெரியும்.

இவையெல்லாம் அவர்கள் சொத்து, நமக்கு என்ன என்ற குரலும் நம் கூட்டங்களில் எழும். கிழக்கு லண்டன் பிரிக் லேனில் ஒரே கட்டடம் 1743இல் பிரெஞ்சு அகதிகளின் தேவாலயமாகத் தொடங்கி, யூதர்களின் ஜெபக்கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோவில் அமைந்ததும் ஒரு பழைய கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடத்தில்தான். அந்தத் தெருவின் பெயரே சேப்பல் ரோடு. வந்து சேர்ந்தவர்கள் பழைய சுவர்களுக்குள் விளக்கேற்றித்தான் இந்த நாட்டில் பல கட்டடங்கள் பிழைத்திருக்கின்றன. நாமும் அந்த வரிசையில் இருக்கிறோம். நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களை விருந்தாளிகள்போல் வளர்க்க வேண்டாம்.

இங்கே, கோவிலுக்கும் மண்டபத்துக்கும் பழைய கட்டடம் வாங்கும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கும் முன் அது பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதி இல்லாமல் மாற்றுவது குற்றம். பழுதுபார்ப்புக்கு 20 விழுக்காடு வாட் வரி உண்டு, புதிதாக வீடு கட்டினால் அந்த வரி இல்லை. இது நியாயமில்லை என்று பாரம்பரிய அமைப்புகள் பல காலமாகக் குரல் கொடுக்கின்றன. நம் சங்கங்களும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பாரம்பரியத் திறப்பு நாட்கள் நடக்கின்றன, வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களையும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். லண்டனில் ஓப்பன் ஹவுஸ் விழாவும் அதே மாதம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இதேபோன்ற நாட்கள் உண்டு. சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும், சில நாட்களில் விரைவாக இடம் நிரம்பிவிடும். என்ஜின் ஓடும் நாள் எது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது, ஓடாத என்ஜினைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

போய் வந்த பிறகு பிள்ளைகள் அதைப் பற்றித் தமிழில் எழுதட்டும், ஆண்டு மலரில் அதற்கு இடம் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் தரலாம். ஒரு கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும்படி ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமையோ பட்டமோ கேட்பதில்லை. உங்கள் ஊரில் பட்டியலில் இல்லாத ஒரு பழைய பள்ளிக்கூடமோ நூலகமோ நீச்சல் குளமோ இருந்தால், அதன் வரலாற்றைத் தேடி, படம் எடுத்து, பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த விண்ணப்பத்தை எழுதிப் பார்க்கட்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சுற்றுலா பற்றிய பேச்சு வரும்போது, இந்த மடலில் உள்ள இடங்களில் உங்கள் ஊருக்குப் பக்கமானது எதுவோ அதை முன்மொழியுங்கள். அல்லது இதில் இல்லாத, உங்களுக்குத் தெரிந்த ஒன்றை முன்மொழியுங்கள். முன்பதிவு செய்யவும், பெற்றோருக்கு விளக்கிச் சொல்லவும், அன்று பிள்ளைகளோடு நடக்கவும் நான் வரத் தயார். செப்டம்பர் திறப்பு நாட்களுக்கான விவரங்கள் கோடையிலேயே வெளியாகிவிடும் என்பதால் கூட்டத்தைக் கொஞ்சம் முன்னதாகவே கூட்டுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஒருவர்